மண் இல்லாமல் ஒரு கீரைப் பாத்தி

“கீரேய்... அரக்கீரை, மொளக்கீரை, பொன்னாங்கண்ணீ...!”

தெருவீட்டில் குடியிருந்தவரைக்கும் காலை ஏழு மணி என்பதை நான் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதே இல்லை. கீரைக்கார அம்மாளின் குரல்தான் எனக்குக் கடிகாரம். கூடையை இறக்கி வைத்து, ஈரத் துணியை விலக்கினால் போதும், அந்தப் பச்சை வாசனை வாசல்படி வரைக்கும் வரும். ஐந்தாவது மாடி ஃபிளாட்டுக்குக் குடி வந்ததிலிருந்து அந்தக் குரல் ஏறி வருவதில்லை. கேட்டில் காவல்காரர் விடமாட்டார். கடையில் வாங்கும் கட்டோ பாதி வாடி, பாதி அழுகி இருக்கிறது. எந்தத் தண்ணீர் பாய்ந்து வளர்ந்ததோ என்ற கவலை வேறு.

பிரசவத்துக்கு மகள் வந்திருந்த சமயம். குழந்தை பிறந்து பதினைந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது. 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, “கீரையும் நிறையச் சேர்த்துக்கோம்மா” என்றார். அவர் சொன்ன இரண்டில் மாத்திரையை விட்டுவிட்டுக் கீரையை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வீட்டுக்குள்ளேயே, மண்ணே இல்லாமல், தண்ணீரில் கீரை வளர்க்கலாமாம் என்று பக்கத்து ஃபிளாட் பெண் சொன்னபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் ஏற்படவில்லை. வெங்காயத்தை பாட்டில் வாயில் உட்கார வைத்து வேர்விடச் செய்யாத வீடு உண்டா? மணி பிளான்ட் தண்ணீரில்தானே வளர்கிறது? கீரையும் வளர்ந்துவிட்டுப் போகிறது என்று இறங்கிவிட்டேன். அப்படி அலட்சியமாக இறங்கியதில்தான் எத்தனை தப்புகள்!

இது புதிய சமாசாரமும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கெரிக்கி என்ற விஞ்ஞானி, தொட்டித் தண்ணீரில் தக்காளிக் கொடியை 25 அடி உயரத்துக்கு வளர்த்துக் காட்டினார். இந்த முறைக்கு 1937-ல் ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். உலகமே வாயைப் பிளந்தது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லாண்ட், ஆர்னான் என்ற இருவர் நிதானமாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, 1938-ல் ஒரு சிறு வெளியீடு எழுதினார்கள். நல்ல மண்ணில் விளைவதைவிடத் தண்ணீரில் அதிகமாக ஒன்றும் விளைந்துவிடாது. உரம் எவ்வளவு கொடுத்தாலும் வெளிச்சமும் வேருக்குக் காற்றும் எவ்வளவோ அவ்வளவுதான் விளைச்சல் என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் நாட்டிலும் 1946-லேயே ஷோல்டோ டக்ளஸ் என்பவர் வங்காளத்துக் காளிம்பாங்கில் இதற்காகச் சோதனைகளைத் தொடங்கி, சாதாரண ஜனங்களும் செய்யக்கூடிய எளிய வழி ஒன்றைக் கண்டார். ‘பெங்கால் முறை’ என்று அதற்குப் பெயர்.

கெரிக்கியின் 25 அடிதான் என் மனதில் நின்றதே தவிர, மற்ற இருவரும் சொன்ன வெளிச்சம் நிற்கவில்லை.

அரிசி கழுவின தண்ணீர்

முதல் பக்கெட்டை நான் கெடுத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் இதையேதான் செய்வீர்கள் என்பது என் ஊகம்.

செடிக்கு எது நல்லது? அரிசி கழுவின தண்ணீர், வாழைப்பழத் தோல் ஊறின தண்ணீர், மோர் கலந்த தண்ணீர்... நம் கைக்குப் பழகினது இதுதான். ரோஜாத் தொட்டியில் ஊற்றினால் பூத்துக் குலுங்குகிறது. அதையே கீரை பக்கெட்டிலும் ஊற்றினேன். நான்காம் நாள் மூடியைத் திறந்தால், அடடா, சாக்கடை நாற்றம்! வேரெல்லாம் பழுப்பாகி, கொழகொழவென்று கையோடு வந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. அரிசித் தண்ணீரை ரோஜாச் செடி அப்படியே குடிப்பதில்லை. மண்ணில் இருக்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் முதலில் அதைத் தின்று செரித்து, வேர் உறிஞ்சக்கூடிய உப்புகளாக மாற்றிக் கொடுக்கின்றன. மண்தான் செடிக்குச் சமையலறை. பக்கெட் தண்ணீரில் அந்தச் சமையலறை கிடையாது. அங்கே அரிசித் தண்ணீர் அழுகத்தான் செய்யும்; அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்ஸிஜனையும் தின்றுவிடும். வேர் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். ஆகவே தண்ணீர் வளர்ப்பில் செடிக்குச் ‘சமைத்த’ சாப்பாட்டைத்தான் கொடுக்க வேண்டும். அதாவது, நேரடியாக உறிஞ்சக்கூடிய உரஉப்புகள். இயற்கை உரம் தவிர வேறு எதுவும் தொடமாட்டேன் என்பவர்கள் மண்தொட்டியிலேயே வளர்க்கலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இந்த உப்புகள் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு பொட்டலமாகவோ இரண்டு பாட்டிலாகவோ தோட்டப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. ஏன் இரண்டு? ‘ஏ’யில் கால்சியம் நைட்ரேட் இருக்கிறது, ‘பி’யில் மக்னீசியம் சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும். கெட்டிக் கரைசலாக இருக்கும்போது இரண்டும் சந்தித்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும்; செடிக்கு ஒன்றும் கிடைக்காது. பக்கெட் நிறையத் தண்ணீரில் ‘ஏ’யை ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ‘பி’. அளவுக் கரண்டியையும் கழுவிவிட்டுப் போடுங்கள்.

சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. கால்சியம் நைட்ரேட் பார்ப்பதற்கு ஜவ்வரிசி மாதிரியே இருக்கும். மக்னீசியம் சல்ஃபேட் சர்க்கரை மாதிரி. கரைத்தபின் கலர் சோடா மாதிரி. இவற்றைச் சமையலறை அலமாரியிலோ பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ வைக்கவே கூடாது. பெயர் எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

எந்தத் தண்ணீர்?

சென்னை போன்ற ஊரில் ஃபிளாட்டுக்கு வரும் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழாயில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவதைத் தினமும் சுரண்டுகிறோம். அந்த உப்போடு உரஉப்பும் சேர்ந்தால் செடி தாங்காது. மழைத் தண்ணீர் உத்தமம். இல்லாவிட்டால் ஆர்.ஓ. மெஷினில் வருகிற குடிதண்ணீர். “ஆர்.ஓ.வில் வெளியே போகிற கழிவுத் தண்ணீர் வீணாகிறதே, அதை ஊற்றலாமே?” என்று நானும் கணக்குப் போட்டேன். மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவில்தானே இருக்கிறது? அது தரை துடைக்கத்தான் லாயக்கு.

தண்ணீரில் உப்பு அளக்கிற பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் உரம் கலந்தபின் 600-லிருந்து 900-க்குள் காட்டினால் இலைக்கீரைக்குப் போதும். நாற்றுப் பருவத்தில் அதில் பாதி. தண்ணீர் லேசான புளிப்புப் பக்கம், அதாவது பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருந்தால் இரும்பு, மாங்கனீஸ் போன்றவற்றை வேர் சுலபமாக எடுத்துக்கொள்ளும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், செடிக்கே இரும்புச்சத்துக் குறைவு என்று அர்த்தம்! (மகளையும் செடியையும் ஒன்றாகப் பார்த்து நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.)

பக்கெட்டை ஏற்பாடு செய்வது

பம்ப், குழாய் என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்ராட்கி என்பவர் காட்டிக்கொடுத்த வழியில் பம்ப்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. மூடியுள்ள 10 லிட்டர் பக்கெட் ஒன்று. சாப்பாட்டுச் சாமான் வைக்கக்கூடியதாக இருக்கட்டும், பெயின்ட் பக்கெட் வேண்டாம். மூடியில் நாலு ஓட்டை. ஒவ்வொன்றிலும் பக்கவாட்டிலும் அடியிலும் துளைபோட்ட சிறு பிளாஸ்டிக் கப். கப்பில் தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டி கட்டியாக வருகிறதே, அதுதான். அதை ஊற வைத்து, சாயம் போகிற வரைக்கும் மூன்று நாலு தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். இல்லாவிட்டால் அதில் இருக்கிற உப்பு நாற்றைக் கருக்கும்.

நாற்று மூன்று நாலு இலை விட்டதும் கப்பை மூடியில் பொருத்துங்கள். முதல் நாள் கப்பின் அடி, உரத் தண்ணீரில் ஓர் அங்குலம் நனைய வேண்டும். அவ்வளவுதான். வேர் வளர வளரத் தண்ணீர் குறையும். “ஐயோ, குறைந்துவிட்டதே” என்று மறுபடி விளிம்பு வரை ஊற்றிவிடாதீர்கள்! தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் விழுகிற இடைவெளியில்தான் மேல் வேர்கள் ஈரக்காற்றை மூச்சாக இழுத்துக்கொள்கின்றன. நிரப்பினால் வேர் மூழ்கிச் சாகும். பாதிக்கும் கீழே இறங்கினால் கொஞ்சமாக ஊற்றலாம். மேல் வேர் நனையாத உயரத்தில் நிறுத்திவிட வேண்டும். கண்ணாடி பாட்டில் அழகாக இருக்கும், ஆனால் வெளிச்சம் பட்டால் தண்ணீரில் பாசி பிடிக்கும். கறுப்புக் காகிதம் சுற்றிவிடுங்கள்.

கொசுவை மறந்துவிடாதீர்கள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள் தேங்கி நிற்கிற தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிரியம். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். என் இரண்டாவது பக்கெட்டின் மூடியில் ஒரு ஓட்டை காலியாக இருந்தது. வீடு வீடாகப் பார்த்து வந்த கொசு ஒழிப்புப் பணியாளர் டார்ச் அடித்துக் காட்டினார்: “என்னம்மா, கைக்குழந்தை இருக்கிற வீட்டிலே?” புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. எனக்கு அவமானத்தில் உடம்பு கூசிவிட்டது. அன்றிலிருந்து காலி ஓட்டையைப் பஞ்சு வைத்து அடைப்பதும், கப்பின் ஓரத்தில் விரல் நுழையாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் வெள்ளிக்கிழமை வேலையாகிவிட்டது.

முளைப்பாரி சொல்லும் பாடம்

இனி வெளிச்சம். நான் அதிகமாக ஏமாந்தது இதில்தான்.

ஊரில் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நவதானியத்தைச் சட்டியில் தூவி இருட்டறையில் வைத்து வளர்ப்பார்கள். ஏழெட்டு நாளில் முழ உயரம் வளர்ந்து, இளமஞ்சளாக, தொட்டால் ஒடிகிற மாதிரி மினுமினுக்கும். இருட்டில் எப்படி அவ்வளவு வளர்கிறது? விதைக்குள் தாய்ச்செடி சேர்த்துவைத்த சொத்தைச் செலவழித்து, வெளிச்சம் எங்கே எங்கே என்று தேடி எட்டிப் பார்க்கிறது. சொத்துத் தீர்ந்ததும் சாய்ந்துவிடும்.

கூடத்து மூலையில் நான் வைத்த அரைக்கீரை நாற்றும் ஒரு வாரத்தில் ஜோராக நெடுநெடுவென்று வளர்ந்தது. “பாருடி, எப்படி வளருதுன்னு!” என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது வளர்ச்சியே இல்லை, தவிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. பத்தாம் நாள் எல்லாம் படுத்துவிட்டது.

நம் கண் பொல்லாத ஏமாற்றுக்காரக் கண். வெட்டவெளியில் உச்சிவெயிலின் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ். ஜன்னலோரத்தில் சில ஆயிரம். கூடத்தின் நடுவில் சில நூறுதான்! ஆனால் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்குக் கூடமும் ‘நல்ல வெளிச்சமாக’த் தெரிகிறது. செடிக்கு அப்படி ஏமாறத் தெரியாது. ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். பகல் பன்னிரண்டு மணிக்கு, பக்கெட் வைக்க நினைக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் போட்டு, ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் அங்கே கீரை வரும். மங்கலாக ஒரு பொட்டலம் மாதிரி விழுந்தால் புதினா வரலாம். நிழலே விழாவிட்டால் அங்கே சாமி படம் மாட்டுங்கள்.

அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் ஒரே குடும்பம். சுட்டெரிக்கிற வெயிலில் சோளமும் கரும்பும் எப்படிச் செழிக்கின்றனவோ, அதே உடல்வாகு இவற்றுக்கும். வெயில்தான் இவற்றுக்குப் பிறந்த வீடு. வீட்டுக்குள் கொண்டுவந்து வளர்ப்பது வீண் வேலை. மொட்டைமாடி இருந்தால் மண்தொட்டியில் தூவுங்கள். 25 நாளில் பறித்துவிடலாம். வீட்டுக்குள் தண்ணீரில் ஒத்துவருகிறவை பாலக், புதினா, கொத்தமல்லி, லெட்யூஸ் ஆகியவை. நம்மூரில் விற்கிற பாலக் பெரும்பாலும் பீட்ரூட்டின் உறவு. அதனால் கொஞ்சம் சூடு தாங்கும். விதையை ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள். கொத்தமல்லி விதையைச் செருப்புக் காலால் மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். புதினாவுக்கு விதை எதற்கு? கடைக் கட்டில் தடித்த காம்பாக நாலு எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு டம்ளர் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர். இரண்டு நாளைக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள், கொசு ஞாபகம் இருக்கட்டும்.

இவை எதுவும் வேண்டாம், உடனே கண்ணுக்குப் பச்சை தெரிய வேண்டும் என்பவர்களுக்கு வெந்தயம் இருக்கிறது. துளைத்தட்டில் ஈரத்துணி விரித்து ஊறின வெந்தயத்தைத் தூவி, காலை மாலை தண்ணீர் தெளித்தால் பத்து நாளில் விரல் நீளக் கீரை. இதற்கு உரமே வேண்டாம். முளைப்பாரிக் கதைதான், விதையின் சொத்தே போதும். மும்பையில் கடற்கரை மணலில் இப்படிக் குட்டியாக வளர்த்து, வேரோடு கட்டுக் கட்டாக ‘சமுத்ர மேதி’ என்று விற்கிறார்கள்.

ஜன்னலில் வெயில் வராத வீட்டில் விளக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். 20 வாட் எல்.ஈ.டி. ட்யூப் இரண்டை இலைக்கு அரையடி உயரத்தில் தொங்கவிட்டு, தினம் 14 மணி நேரம் எரியவிட்டேன். மாதத்துக்கு 17 யூனிட் ஆகிறது. இரண்டு மாத பில்லில் 34. வீட்டுக்காரர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, “கட்டுக்கீரை என்ன விலை விக்குது?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

விளக்கு வந்த பிறகு பாலக் நிஜமாகவே வளர்ந்தது. லெட்யூஸ் மட்டும் சித்திரை வெயிலில் கசந்து, தண்டு நீண்டு வீணாயிற்று. தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கிற ஆக்ஸிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் இருப்பது, 30 டிகிரியில் ஏழரைதான். வேரழுகல் கிருமிக்கும் அந்தச் சூடுதான் கொண்டாட்டம். ஆகவே முதல்முறை செய்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பியுங்கள். தை மாசி வரைக்கும் தொல்லையில்லை.

60 கிராம் கீரையும் மாத்திரையும்

இப்போது மகள் கதை. மாத்திரை சாப்பிட்டால் அவளுக்கு வயிற்றைப் பிரட்டியது, மலச்சிக்கல் வேறு. “அம்மா, முடியலைம்மா” என்றாள். “விட்டுத்தள்ளு. நம்ம வீட்டுக் கீரை, மருந்தடிக்காத கீரை இருக்கு. அதுல இல்லாத இரும்பா?” என்று சொன்னவள் நான்தான். வேறு யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. 8.2. ஏறவில்லை என்பது இருக்கட்டும், இறங்கியிருந்தது! படியேறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று அவள் சொன்னதையெல்லாம் பாலூட்டுகிற அசதி என்று நினைத்திருந்தோம். டாக்டரம்மா என்னை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். “ஒரு வேளைக்கு எவ்வளவு கீரை பறிக்கிறீங்க?” தெரியவில்லை. வீட்டுக்கு வந்து எடை போட்டேன். நாலு செடியிலிருந்து ஒரு முறை கிள்ளியது 60 கிராம். அதுவும் வாரத்துக்கு இரண்டே தடவை.

நூறு கிராம் பாலக்கில் சுமார் 3 மில்லிகிராம் இரும்பு. அறுபது கிராமில் இரண்டு மில்லிகிராம்கூட இல்லை. ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொன்ன பரிந்துரைப்படி பெண்களுக்கு ஒரு நாள் தேவை 29 மில்லிகிராம், பாலூட்டும் தாய்க்கு 23. அதுவும் கீரையில் இருக்கிற இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் ஒட்டும். அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் கொடுக்கிற ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும், கூடவே ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் என்று அதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை என்று வந்திருப்பதைப் பார்த்தால், மாத்திரையை ஜன்னல் வழியே எறிகிற மகள்களும், எறியச் சொல்கிற அம்மாக்களும் என் வீட்டில் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது.

மாத்திரையை மாற்றிக் கொடுத்து, வெறும் வயிற்றில் பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொன்னார் டாக்டரம்மா. எலுமிச்சம்பழ ரசம் ஒரு டம்ளரோடு போட்டால் இரும்பு நன்றாக ஏறும். காப்பி, டீ குடிப்பதானால் ஒரு மணி நேரம் தள்ளி. கால்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் ஒரே வேளையில் கூடாது. ஒன்று காலை என்றால் மற்றது ராத்திரி. கீரை மசியலிலும் இறக்கியபின் எலுமிச்சை பிழியலாம். சிறுநீரகக் கல் தொந்தரவு இருப்பவர்கள் பாலக் சாப்பிடுவது பற்றி டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. அதில் ஆக்ஸலேட் அதிகம்.

இன்னொரு விஷயமும் இதில் தெரிந்துகொண்டேன். வெளிச்சம் குறைந்த இடத்தில், உரத் தண்ணீரில் வளரும் கீரை, உறிஞ்சிய நைட்ரேட்டை முழுக்கப் பயன்படுத்த முடியாமல் இலையில் சேர்த்துவைத்துக்கொள்ளும். ஐரோப்பிய நாடுகளில் பசலை, லெட்யூஸ் போன்றவற்றில் நைட்ரேட் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. லெட்யூஸுக்குக் குளிர்காலத்துக்கு ஒரு வரம்பு, கோடைக்கு ஒரு வரம்பு. பெரியவர்களுக்கு இதனால் பயமில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் கிடையாது என்பதால் அங்கேயும் கவலையில்லை. ஆனால் ஏழாம் மாதம் கீரை மசித்துக் கொடுக்கும்போது அன்றே சமைத்து அன்றே கொடுங்கள். சமைத்த கீரை வெளியே கிடந்தால் அந்த நைட்ரேட்டைக் கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றும்; பச்சைக் குழந்தையின் ரத்தத்துக்கு அது ஆகாது. “மிஞ்சின கீரையைச் சூடு பண்ணித் தராதே” என்று என் பாட்டி கத்தியது ஞாபகம் வருகிறது. பறிப்பதற்கு மூன்று நாலு நாள் முன்னால் உரத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதே உயரத்துக்கு வெறும் தண்ணீர் விட்டால் இலையில் நைட்ரேட் குறையும். கொட்டிய உரத் தண்ணீரை இன்னொரு பங்கு தண்ணீர் கலந்து ரோஜாத் தொட்டிக்கு ஊற்றிவிடலாம்.

மகளுக்கு நாலு மாதத்தில் 11.4 ஆயிற்று. அதற்கு முழுக்காரணம் மாத்திரைதான். என் பாலக் அதில் பங்கு கேட்க முடியாது.

பக்கெட்டுகளை நான் எடுத்துப் போட்டுவிடவில்லை. ஐந்தில் மூன்றைக் குறைத்து, இரண்டு மட்டும் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். ஒன்றில் புதினா, ஒன்றில் பாலக். காலையில் சட்னிக்குப் பத்து இலை, சாம்பாரில் போட ஒரு பிடி. அரைக்கீரைக்கும் முளைக்கீரைக்கும் வழி வேறு பண்ணிவிட்டேன். கேட்டுக் காவல்காரரிடம் பேசி, எங்கள் கட்டடத்துப் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து, செவ்வாயும் சனியும் கீரைக்கார அம்மாளை உள்ளே விட ஏற்பாடு ஆகியிருக்கிறது. போன சனிக்கிழமை அந்த அம்மாள் என் ஜன்னல் பக்கெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன கண்ணு, கீரைக்கு லைட்டு போட்டு வெச்சிருக்கே?” என்று கேட்டு, கூடையிலிருந்து ஒரு பிடி வள்ளைக்கீரைத் தண்டை எடுத்துக் கொடுத்தாள். “இதைப் போட்டுப் பாரு. தண்ணியிலேயே பொறந்தது.”

டம்ளரில் வைத்திருக்கிறேன். நேற்று கணுவில் வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கிறது.